கரைந்துபோவதன் சௌகரியம்

சென்ற மாதம் பொன்னேரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடந்த கூட்டத்தில் பயணக் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. வந்திருந்தவர்கள் பதினோரு பேர். எழுதியவர் எனக்கும் நண்பர். நல்ல கவிதைகள் சில எழுதியிருப்பவர். கிழக்கு இந்தோனேஷியாவில், பந்தாத் தீவுகளில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அம்போன் வரைக்கும் விமானம். அங்கிருந்து அரசாங்கக் கப்பலில், மூட்டை முடிச்சுகளுக்கும் கோழிக் கூண்டுகளுக்கும் நடுவே ஓர் இரவு. ஏஜெண்ட் கிடையாது, கைடு கிடையாது, முன்பதிவு கிடையாது. ஒரு மீனவர் வீட்டில் அறை. அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார். அவர்கள் உடுத்தியதை உடுத்தினார். 'நான் கரைந்துபோனேன்' என்ற வாக்கியம் கட்டுரையில் மூன்று இடங்களில் வருகிறது.

எங்கள் கூட்டத்தில் கை தட்டும் வழக்கம் இல்லை. ஆனால் கை தட்டலுக்குச் சமமான ஒரு நிசப்தம் உண்டு. அன்று அது நிலவியது. 'டூரிஸ்ட் பார்வையே இல்லாத எழுத்து' என்றார் ஒருவர். 'அனுபவத்தின் நிர்வாணம்' என்றார் இன்னொருவர். இரண்டாவது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. முதலாவதை மறுக்கவே இதை எழுதுகிறேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. கடைசி யூனிட் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் செலவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஆயிற்று என்று கட்டுரை நான்கு முறை கணக்குச் சொல்கிறது. வெறும் கணக்காகச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பின்னால் போகிறவர்களுக்கு உபயோகப்படும். ஆனால் நண்பர் அதை ஓர் ஒழுக்கமாகச் சொல்கிறார். குறைவாகச் செலவழித்ததால் அதிகமாக உணர்ந்ததாகவும், ஹோட்டலில் தங்குகிறவன் தீவைப் பார்க்கிறான், மீனவர் வீட்டில் தங்குகிறவன் தீவாகிறான் என்றும் எழுதியிருக்கிறார். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஓர் இடம் நமக்கு மலிவாக இருக்கிறது என்றால் அங்கே யாரோ ஒருவருடைய உழைப்பு மலிவாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மீனவர் தம் வீட்டின் நல்ல அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு எங்கே படுத்தார் என்று கட்டுரையில் இல்லை. 2022இல் இலங்கையின் ரூபாய் விழுந்தது. அந்த வருஷம் மார்ச் மாதத்திலிருந்து, அரிசி வாங்க வழியில்லாமல் தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து அங்கே போய்வந்தவர்கள், இப்போது இலங்கை ரொம்ப மலிவு, போய்வர இதுதான் சமயம் என்று என்னிடம் சொன்னார்கள். ஒரே விலைவாசி, ஒருவனை ஊரைவிட்டுத் துரத்தியது, இன்னொருவனை அழைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பார்வைதான் எழுத்தாளனிடம் நாம் கேட்பது. ஒன்றை மட்டும் பார்க்க டூரிஸ்ட் கம்பெனியின் துண்டுப் பிரசுரம் போதும்.

நான் பிழைப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். உருக்காலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பயணம். ஓர் அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். ஆறு மாதத்தில் டீக்கடைத் தமிழ் பேசுகிறார்கள். ஒரு வருஷத்தில் ஆடி மாதக் கூழுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சிக்கனப் பயணம், உள்ளூர்ச் சாப்பாடு, மொழி, திருவிழா என்று நண்பர் பட்டியல் போட்ட லட்சணங்கள் அத்தனையும் இவர்களிடம் இருக்கின்றன. ஆனால் இவர்கள் தமிழ் வாழ்வில் கரைந்துவிட்டார்கள் என்று எந்த ஹிந்திப் பத்திரிகையும் எழுதாது, நாமும் எழுத மாட்டோம். ஏனென்றால் கரைவது என்பது கரையாமலும் இருக்க முடிந்தவன் செய்வது. மற்றவன் செய்வதற்குப் பிழைப்பு என்று பெயர்.

அடுத்தது உடை. கட்டுரையின் மிக அழகான பகுதி என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். வீட்டுக்காரர் ஒரு கட்டம் போட்ட கைலியை எடுத்து நண்பரிடம் கொடுக்கிறார். நண்பர் பேண்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு அதை உடுத்துகிறார். 'என் நாகரிகத்தைக் கழற்றிவிட்டு அந்தத் தீவை உடுத்தினேன்' என்கிறார். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கைலிக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். மலாய் பேசும் உலகம் முழுவதும் அதற்குக் 'காயின் பெலிக்காத்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காத் என்பது ஓர் ஊர். நாங்கள் உட்கார்ந்திருந்த பொன்னேரி மாடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆன பழவேற்காடு.

நண்பர் பிறந்தது திருவள்ளூர் ஜில்லாவில். அவருடைய ஜில்லாவின் பெயரை அவர் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதை அவர் அந்நியத்தின் ஸ்பரிசம் என்று எழுதுகிறார்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்கள் இங்கே வந்தது முக்கியமாகத் துணிக்காக. மொலுக்கத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் விற்பவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியை விரும்பி வாங்கினார்கள். இந்தக் கரையில் நெய்து சாயம் போட்ட துணி அங்கே போயிற்று. அங்கிருந்து வாசனைத் திரவியம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1621இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற டச்சு கவர்னர் ஜெனரல் பந்தாத் தீவுகளில் இறங்கினான். ஜாதிக்காயைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மீறியதற்காக அந்தத் தீவுகளின் ஜனங்களைக் கொன்றான், பட்டினி போட்டான், பிடித்துக் கப்பலேற்றினான். அங்கே பூர்வமாக இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் மிகச் சொற்பம். காலியான தோட்டங்களுக்கு அடிமைகள் பல கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அந்த நூற்றாண்டின் பஞ்ச வருஷங்களில் பழவேற்காட்டிலிருந்தும் இந்தக் கரையின் மற்றத் துறைகளிலிருந்தும் தமிழும் தெலுங்கும் பேசிய ஆயிரக்கணக்கானவர்கள் பத்தேவியாவுக்கு விற்கப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் பத்தேவியா.

ஆகவே 'தொன்மையான பந்தா மக்களின் கலாசாரத்தில் கரைந்தேன்' என்று நண்பர் எழுதும்போது எந்த மக்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த வீட்டுக்காரரின் மூதாதையர் எந்தக் கரையிலிருந்து எந்தக் கப்பலின் அடித்தளத்தில் வந்தார்களோ. ஒருவேளை நண்பர் கரைந்துபோனதாக நினைத்த இடத்தில் அவருக்கு ஒரு பழைய பாக்கி இருந்திருக்கலாம். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. இவற்றைப் பார்க்காதவர் பந்தாவின் டச்சுக் கோட்டையைப் பற்றி, 'காலம் தன் நிழலை மறந்து வைத்துவிட்டுப் போன இடம்' என்று எழுதுகிறார். காலம் எதையும் மறந்து வைத்துவிட்டுப் போவதில்லை. மறந்தவர்கள் நாம்தான்.

இந்த இடத்தில் இலக்கிய சாட்சி கேட்பார்கள். தருகிறேன். தமிழில் தீவுக்குப் போய்த் தீவாரோடு பழகிய முதல் ஆள் மணிமேகலையில் வரும் சாதுவன், ஆதிரையின் கணவன். கணிகையிடமும் சூதிலும் பணத்தைத் தொலைத்துவிட்டு வணிகர்களோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் நிர்வாணிகள், மனிதரைத் தின்பவர்கள். அவர்கள் பாஷை அவனுக்குத் தெரிந்திருப்பதால் பிழைக்கிறான். அவர்கள் தந்த கள்ளையும் ஊனையும் பெண்ணையும் மறுத்துவிட்டு அறம் போதிக்கிறான். முடிவில், உடைந்த கப்பல்களிலிருந்து அவர்கள் சேர்த்து வைத்திருந்த சரக்கையெல்லாம் பெற்றுக்கொண்டு இன்னொரு வணிகனின் கப்பலில் ஊர் திரும்புகிறான். சாத்தனாருக்குத் தம் தர்மத்தில் சந்தேகம் இல்லை. அதனால் எதையும் மறைக்கவில்லை. சாதுவன் கொடுத்தது உபதேசம், எடுத்து வந்தது சரக்கு. நம் நண்பர்கள் உபதேசத்தை விட்டுவிட்டார்கள், அது முன்னேற்றம்தான். சரக்கை மட்டும் விடவில்லை. அதற்கு இப்போது அனுபவம் என்று பெயர்.

இன்னொரு சாட்சி ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938இல் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்குப் போனார். அலைந்து அனுபவம் பெறுவதற்காகப் போகவில்லை, வட்டிக்கடை வேலைக்குப் போனார். 'புயலிலே ஒரு தோணி' புத்தகமாக வந்தது 1972இல். மேடானின் தெருக்களும் பினாங்கின் சந்துகளும் அதில் இருப்பது போல வேறெந்தத் தமிழ் எழுத்திலும் இல்லை. நாவல் முழுக்க எங்கும் யாரும் கரைவதில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவனும் எந்தப் படியில் நிற்கிறான், யார் யாருக்குக் கடன்பட்டவன், யார் பிழைப்பு யார் வயிற்றில் அடிக்கிறது என்பதெல்லாம் தெரிந்தே அவர்கள் அந்த மண்ணில் நடமாடுகிறார்கள். அந்தத் தெளிவிலிருந்துதான் அந்த நாவலின் ஏக்கமும் கேலியும் வருகின்றன. சிங்காரத்துக்கு அங்கே ஓர் உத்தியோகமும் ஒரு முதலாளியும் இருந்தார்கள். நம் பயணிக்கு இரண்டும் இல்லை. எந்தப் படியிலும் நிற்காததால் எல்லாப் படிகளிலும் இருப்பதாக அவருக்குப் பிரமை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் ஓர் உஷ்ணமண்டலத் தீவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வந்ததைவிடச் சிக்கனமான பயணம் கிடையாது. ஏஜெண்ட் பெரும்பாலும் ஓர் ஓட்டி. உடைமை ஒரு பை. நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம் பள்ளிக்கூடத்தில் படித்து, நம் கட்சிக்காரர்கள் பேச்சைக் கேட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை. முகாமில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வெளியே நிற்கிறார்கள். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னார்கள். இலங்கை அதில் இல்லை.

போன தீபாவளிக்கு முன் என் வீட்டுக்கு வர்ணம் அடிக்க முகாமிலிருந்து ஒருவர் வந்தார். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். மூன்று வயதில் தாயின் மடியில் படகில் வந்தவர். மேஜைமேல் கிடந்த பத்திரிகையின் அட்டையில் ஒரு தீவின் படம். தென்னை, நீலக் கடல், ஒரு தோணி. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இது எந்த இடம் சார்?"

சொன்னேன்.

"எங்கட ஊர்க் கடலும் இப்பிடித்தான் எண்டு அம்மா சொல்லுவா."

அதுவரை அவர் பேசியது எங்கள் பக்கத்துத் தமிழ். அம்மாவைச் சொல்லும்போது மட்டும் வாய் மாறியது. வேறெங்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "போறதுன்னா பேப்பர் வேணுமே சார்" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குத் திரும்பினார்.

பேப்பர் இல்லாமல் போனவர்களும் உண்டு. 2014 ஜூனில் 157 தமிழர்களோடு புதுச்சேரியிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. ஆஸ்திரேலியக் கப்பல் அதை மறித்து, ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களைக் கடலிலேயே வைத்திருந்தது. பிறகு நவ்ரு தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். 2021இல் கனடாவை நினைத்துக் கிளம்பிய இன்னொரு படகு நடுவழியில் பழுதாகி தீகோ கார்சியாவில் சேர்ந்தது. அது தென்னந்தோப்புகள் கொண்ட பவளத் தீவு. அங்கே பிறந்து வளர்ந்த ஜனங்களை 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டிஷ்காரர்கள் வெளியேற்றிவிட்டு அமெரிக்க ராணுவத் தளத்துக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே கூடாரங்களில், வேலிக்குள், மூன்று வருஷத்துக்கு மேல் நம் ஆட்களை வைத்திருந்தார்கள். அப்படி வைத்தது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நண்பர் தங்கிய பந்தாநெய்ராவும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். 1936இலிருந்து 1942 வரை ஹத்தாவையும் ஷாரிரையும் டச்சுக்காரர்கள் அங்கேதான் நாடு கடத்தி வைத்திருந்தார்கள்.

நீலக் கடலும் தென்னையும் எல்லோருக்கும் ஒன்றுதான். எவனுடைய பையில் திரும்பும் டிக்கெட் இருக்கிறதோ அவனுக்கு அது தீவு. நண்பர் தம் சாமான்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்: இரண்டு சட்டை, ஒரு நோட்டு, ஒரு கத்தி, கொசுவலை. பாஸ்போர்ட்டைச் சொல்லவில்லை. அவர் கொண்டுபோனவற்றில் விலை மதிப்புள்ள ஒரே சாமான் அதுதான்.

இப்போது நான் வாய் திறக்காததற்கு இரண்டாவது காரணம்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் வெளியூர் நண்பர்கள் இரண்டு பேரைக் காட்டுப்பள்ளிப் பக்கம் அழைத்துப் போனேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் கிடக்கும் மணல் தீவு அது. 2013இல் அங்கே தனியார் துறைமுகம் வந்தது. அதற்காக ஒரு மீனவர் குப்பம் இடம்பெயர்ந்தது. அந்தத் துறைமுகத்தை வருஷத்துக்கு 320 மில்லியன் டன் கையாளும்படி விரிக்கத் திட்டம் போட்டார்கள்; பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். வடக்கே ஏரிக்கு அப்பால் ஶ்ரீஹரிக்கோட்டா. யானாதிகள் வாழ்ந்த தீவில் 1971லிருந்து ராக்கெட் விடுகிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், 'வெளியார் கால் படாத தீவு' என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் ஓர் இருளர் பெண் இறால் தடவிக்கொண்டிருந்தாள். கையால் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பறி. கரையில் நின்று, "எவ்வளவு நேரமாகப் பிடிக்கிறீங்க? எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. தடவிக்கொண்டே போய்விட்டாள். அன்று இரவு ஒரு கவிதை எழுதினேன். அந்தப் பார்வையைப் பற்றியும் பதில் தராத அந்த ஆதி மௌனத்தைப் பற்றியும். ஒரு சிறுபத்திரிகையில் அச்சாயிற்று. இந்த மாடியில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் 'மௌனத்தின் கனம்' என்று பாராட்டிக் கார்டு எழுதினார்கள்.

இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் வாயை அவர்கள் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பேச வாயைத் திறந்தால் பறி நழுவும். அன்றைய இறால் போய்விடும். இது பிற்பாடு எங்கள் தொழிற்சாலைக் காவல்காரர் சொல்லித் தெரிந்தது. அவள் மௌனமாக இருக்கவில்லை. அவள் வாயில் பறி இருந்தது. நான் அதைப் பார்க்கவும் பார்த்தேன். கவிதையின் மூன்றாவது வரியில் பறி வருகிறது, படிமமாக.

ஆகவே நண்பரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. ஆனால் யோக்கியதை உள்ளவர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் இந்தப் பேச்சே எழாது.

அப்படியானால் பயணமே போகக் கூடாதா என்று கேட்பார்கள். இது சோம்பேறிகளின் கேள்வி. போகலாம். மலிவாகவே போகலாம்; நம் சம்பளத்தில் வேறு வழியும் கிடையாது. தெரியாத ஊரில், தெரியாத மனிதர்கள் போடும் சோற்றைச் சாப்பிடுவது மனிதனுக்குக் கிடைக்கும் பெரிய காரியங்களில் ஒன்று. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்பது எழுத்தைப் பற்றி. கரைந்தேன் என்று எழுதுகிறவன், தனக்காக யார் எங்கே நகர்ந்து படுத்தார்கள் என்பதையும் எழுதட்டும். அங்கே தன்னிடம் யார் என்ன கேட்டார்கள், தான் எதைத் தர மறுத்தான் என்பதைச் சொல்லட்டும். அந்த வீட்டுப் பையன் தன் ஊருக்கு வர ஆசைப்பட்டால் விசா கிடைக்குமா, கிடைத்தால் எந்த அறையில் தங்கவைப்பான் என்று யோசிக்கட்டும். இவற்றையெல்லாம் எழுதினால் கரைந்தேன் என்ற சொல் தானாகவே கையைவிட்டுப் போய்விடும். வேறு சொல் தேட வேண்டிவரும். அந்தச் சிரமத்திலிருந்துதான் பயண இலக்கியம் தொடங்க முடியும்.

நண்பரின் கட்டுரை அடுத்த இதழில் வருகிறது என்று கேள்வி. வரட்டும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும். சென்ட்ரலில் யூனிட் ஏறினால் ஒன்றரை மணி நேரம்; அவர் கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூட லாயக்கில்லாத டிக்கெட். வர்ணம் அடிக்க வந்தவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருடைய அம்மா இன்னும் இருக்கிறார். தீவைப் பற்றிச் சொல்வாராம். வரும்போது அந்தக் கைலியையும் எடுத்து வரட்டும். பெயர் சொல்லி, அது எந்த ஊர்ப் பெயர் என்று அந்த அம்மாளுக்கு விளக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.